சாண் நீண்டால் மூன்று முழம் இறங்கும்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் போகும்போது, சன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகள் தவறாமல் கவனிக்கும் காட்சி ஒன்று உண்டு. சாலையோடு கூடவே ஓடிவரும் உயர் மின்கம்பிகள் மெல்லத் தாழும், மறுபடி உயர்ந்து ஒரு கோபுரத்தைத் தொடும், மீண்டும் தாழும். செம்பனைத் தோட்டம், குன்று, ஆறு, கம்போங் என்று எதையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும்.

"அந்தக் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்று பிள்ளை கேட்டால் நாம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிச் சமாளித்துவிடுவோம். மின்கம்பி வேலை தெரிந்தவர் அப்படிச் சொல்லிவிட மாட்டார். "எந்த நேரத்தில்?" என்று திருப்பிக் கேட்பார்.

ஏனென்றால் காலை 7 மணிக்கு இருந்த இடத்தில் அந்தக் கம்பி பிற்பகல் 3 மணிக்கு இருக்காது. வெயிலிலும், தன் வழியே பாயும் மின்சாரத்தின் சூட்டிலும் அது கீழே இறங்கிவிடும். அதே சமயம் கீழே இருக்கும் மரம் வளர்ந்து மேலே வந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மீட்டர் மிச்சம் என்பதைக் கண்டுபிடிக்க இன்று டிரோன்கள் பறக்கின்றன. அவை எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து கணினி ஒரு முப்பரிமாண மாதிரியைக் கட்டுகிறது. கோபுரம், கம்பி, மரம், கூரை எல்லாம் அதில் இருக்கும். திரையில் சுழற்றிப் பார்க்கலாம். எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்கலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மரம், மண், கூரை, கோபுரம் எல்லாவற்றையும் ஓரளவு நன்றாகக் கட்டிவிடும் கணினி, நாம் தேடி வந்த கம்பியை மட்டும் அடிக்கடி தொலைத்துவிடுகிறது. அது ஏன், தொலைந்ததை எப்படி மீட்கிறார்கள், மீட்டதை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மரம் அணைத்த விளக்குகள்

வானொலியில் வேலை செய்யும் எங்களுக்கு மின்தடை என்பது முதலில் தொலைபேசி மணியாகத்தான் தெரியவரும். "எங்கள் தாமானில் கரண்ட் இல்லை, உங்களுக்கு ஏதாவது தகவல் வந்ததா?" என்று நேயர்கள் அழைப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு வட்டாரத்தோடு நின்றுவிடும். சில சமயம் நிற்பதில்லை.

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை. திரெங்கானுவில் உள்ள பாக்கா மின்நிலையத்துக்கு அருகே ஒரு மின்தடம் மாலையில் துண்டித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து மற்ற மின்நிலையங்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, தீபகற்ப மலேசியா பல மணி நேரம் இருளில் கிடந்தது. மின்கட்டமைப்பு என்பது கைகோத்து நிற்கும் ஒரு வரிசை. ஒருவர் கை நழுவினால் அவர் தாங்கிய சுமை பக்கத்தில் இருப்பவர் மேல் விழுகிறது. அவரும் தாங்காவிட்டால் அடுத்தவர் மேல்.

கம்பிக்கும் மரத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு முக்கியம் என்பதை உலகுக்குக் காட்டியது வேறொரு சம்பவம். 2003 ஆகஸ்டு 14 அன்று பிற்பகல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் மின்தடங்கள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. முதலாவது 3.05க்கு, இரண்டாவது 3.32க்கு, மூன்றாவது 3.41க்கு. மூன்றுக்கும் காரணம் ஒன்றேதான். தொய்ந்த கம்பி, கீழே வளர்ந்திருந்த மரத்தை நெருங்கியது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருளும் அன்று பழுதாகியிருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு விபரீதம் புரியவில்லை. மாலைக்குள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் நின்றார்கள்.

இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய விசாரணையில் வெளிவந்த ஒரு தகவலைக் கவனியுங்கள். செயலிழந்தபோது அந்த மூன்று கம்பிகளும் தங்கள் கொள்ளளவை மீறிச் சுமந்துகொண்டிருக்கவில்லை. முதல் கம்பியில் சுமை அதன் கொள்ளளவில் 44 விழுக்காடுதான், இரண்டாவதில் 88, மூன்றாவதில் 93. கம்பிகள் தங்களால் முடிந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. மரங்கள்தான் வெட்டப்படாமல் இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் கம்பியைக் கிளை தொட வேண்டும் என்பதுகூட இல்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். எனவே "இன்னும் படவில்லையே" என்பது பாதுகாப்பு ஆகாது.

சாணும் முழமும்

கம்பி தொய்வதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

இரண்டு கோபுரங்களுக்கு இடையே 350 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கம்பி 10 மீட்டர் தொய்ந்திருக்கிறது. கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நேர்கோடாக இழுத்தால் 350 மீட்டர் வரும். அப்படியானால் தொய்ந்திருக்கும் கம்பியின் நீளம் எவ்வளவு? 355 மீட்டர்? 360 மீட்டர்? இல்லை. வெறும் 350 மீட்டர் 76 சென்டிமீட்டர்தான். முக்கால் மீட்டர் கூடுதல் நீளம்தான் பத்து மீட்டர் தொய்வாகத் தெரிகிறது.

இப்போது கம்பி சூடாகிறது. குளிர்ந்த விடியற்காலையைவிட 40 பாகை செல்சியஸ் அதிகம் என்று கொள்வோம். எஃகு நடுவிலும் அலுமினியம் சுற்றிலும் உள்ள சாதாரண மின்கம்பி, இந்தச் சூட்டில் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் நீளும். தொய்வு கூடும்போது இழுவிசை குறைவதால் அதில் சிறிது திரும்பச் சுருங்கிவிடும். மிச்சம் சுமார் 23 சென்டிமீட்டர். நம் ஊர் அளவில் ஒரு சாண்.

அந்த ஒரு சாண் நீளத்துக்கு, கம்பியின் நடுப்பகுதி கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது மூன்று முழம். பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் உயரம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்; மின்கம்பியோ சாண் நீண்டால் மூன்று முழம் சறுக்குகிறது.

செம்பனை மரம் ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் உயரும். மூங்கிலின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். மேலிருந்து ஒன்று இறங்க, கீழிருந்து ஒன்று ஏற, நடுவிலிருக்கும் இடைவெளியை அவ்வப்போது அளந்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் இதற்கு இரண்டு வழிகள்தான். ஆட்கள் கம்பியின் பாதை நெடுக நடந்து பார்ப்பார்கள். அல்லது ஹெலிகாப்டரில் போவார்கள். நடப்பது மெதுவான வேலை. ஹெலிகாப்டர் செலவு பிடித்தது, ஆபத்தும் கூட. அந்த இடத்தில்தான் டிரோன் வந்து சேர்ந்தது.

ஏறாமல் அளக்க ஆசைப்பட்டவர்

படத்தை வைத்து அளக்கும் கலை டிரோனோடு பிறந்ததல்ல. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், அங்கிருந்த பெரிய தேவாலயத்தின் முகப்பை அளந்துகொண்டிருந்தார். உயரத்தில் நின்று அளந்தவர் மயிரிழையில் விழாமல் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதில் கீழே நின்று படமெடுத்து, அந்தப் படத்திலிருந்தே அளக்க முடியாதா என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வந்தது. பின்னர் அந்த முறைக்கு அவரே ஃபோட்டோகிராமெட்ரி என்று பெயர் வைத்தார். 1867இல் அச்சேறிய அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஒரு மனிதனை உயரத்தில் ஏற்றாமல் அளக்க வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம். மின்கோபுரத்துக்கு அது பொருந்தி வருவதில் வியப்பில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். இடக் கண்ணை மூடுங்கள். பிறகு அதைத் திறந்து வலக் கண்ணை மூடுங்கள். பின்னால் இருக்கும் சுவர் அப்படியே இருக்க, விரல் மட்டும் இடம் மாறிக் குதிக்கும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் குதிப்பு அதிகமாகும். தள்ளிப் பிடித்தால் குறையும். அந்தக் குதிப்பின் அளவை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது.

டிரோன் இதையே பெரிய அளவில் செய்கிறது. ஓரிடத்தில் ஒரு படம், சில மீட்டர் தள்ளி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போகும். ஒரு படத்தில் இருக்கும் காட்சியில் 70 முதல் 80 விழுக்காடு அடுத்த படத்திலும் இருக்கும்படி பறக்கத் திட்டமிடுவார்கள். ஒரு கல், ஓர் இலைக்கொத்து, கோபுரத்தின் ஓர் ஆணி என்று எது பல படங்களில் தென்படுகிறதோ, அதைக் கணினி அடையாளம் கண்டு இணைக்கிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கி ஒரு கோடு இழுத்தால், எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும் அல்லவா? அந்தச் சந்திப்புதான் அப்புள்ளியின் இடம். இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து காற்றில் மிதக்கும் ஒரு வடிவம் உருவாகிறது. இதைப் புள்ளிமேகம் என்கிறார்கள்.

இந்த மேகம் பூமியில் சரியான இடத்தில், சரியான அளவில் உட்கார வேண்டும். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம். மூன்று முழத்தைத் தேடும் வேலைக்கு அது உதவாது. அதனால் தரையில் உள்ள நிலையங்களிலிருந்து நொடிக்கு நொடி திருத்தம் பெறும் ஆர்டிகே முறையைப் பயன்படுத்துகிறார்கள். அது பிழையைச் சில சென்டிமீட்டருக்குக் குறைக்கிறது. நம் நாட்டில் நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் இதற்கென மைஆர்டிகேநெட் என்ற நிலையத் தொடரையே நடத்துகிறது.

கம்பி ஏன் காணாமல் போகிறது?

இப்போது நாம் தொடக்கத்தில் சொன்ன வேடிக்கைக்கு வருவோம்.

முதல் காரணம், கம்பி மெல்லியது. உயர் மின்தடங்களில் பயன்படும் ஒரு வகைக் கம்பிக்கு 'ஸீப்ரா' என்று பெயர். பிரிட்டிஷ் வழக்கத்தில் இந்தக் கம்பிகளுக்கு மிருகங்களின் பெயர். அமெரிக்க வழக்கத்தில் பறவைகளின் பெயர். ஸீப்ராவின் விட்டம் 28.62 மில்லிமீட்டர், மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. ஓர் அங்குல உணரியும் 2 கோடிப் படப்புள்ளிகளும் கொண்ட டிரோன் கேமரா 40 மீட்டர் தள்ளி நின்று படமெடுத்தால், ஒரு படப்புள்ளிக்குள் சுமார் 1.1 சென்டிமீட்டர் அடங்கும். அப்படியானால் அத்தனை பெரிய படத்தில் நம் கம்பி இரண்டு மூன்று படப்புள்ளி அகலமுள்ள ஒரு கீறல். பின்னால் இருக்கும் இலைதழைகளில் அது எளிதில் கரைந்துவிடும்.

இரண்டாவது காரணம், கம்பிக்கு முகம் இல்லை. பள்ளி மைதானத்தில் ஒரே சீருடையில் ஐந்நூறு மாணவர்கள் வரிசையாக, முதுகைக் காட்டி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் இருக்கும் மாணவன் அந்தப் படத்தில் யார் என்று எப்படிச் சொல்வது? கம்பியின் எந்தப் பகுதியும் மற்றப் பகுதியைப் போலவே இருக்கிறது. கம்பிக்கு இணையாகவே டிரோன் பறந்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டைவிரல் குதித்ததைப் போல அப்போதும் கம்பி 'குதிக்கும்'. ஆனால் தன் மேலேயே, தன் நீளத்திலேயே குதிக்கும். நகர்ந்ததே தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கம்பியின் இரு பக்கமும், வெவ்வேறு உயரத்திலும், சாய்ந்த கோணத்திலும் பறந்து படமெடுக்கிறார்கள்.

மூன்றாவது காரணம், காற்று. முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கம்பி அசைந்துவிட்டால் கோடுகள் ஓரிடத்தில் சந்திக்காது. சந்திக்காத புள்ளியைக் கணினி பிழை என்று தள்ளிவிடும்.

விளைவு? திரையில் கம்பீரமாகக் கோபுரங்கள் நிற்கும், மரங்கள் நிற்கும், நடுவில் கம்பி துண்டு துண்டாகத் தொங்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. டிரோனின் மோதல் தடுப்புக் கருவிகளும் பெரும்பாலும் படங்களை ஒப்பிட்டே தூரத்தைக் கணிப்பதால், அவற்றுக்கும் மெல்லிய கம்பிகள் சரியாகத் தெரிவதில்லை. பொழுதுபோக்குக்காக டிரோன் பறக்கவிடும் நண்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தோரணம் சொல்லும் கணக்கு

தொலைந்த கம்பியை மீட்டுத் தருவது நூற்றாண்டுகள் பழைமையான ஒரு கணக்கு.

கல்யாண மண்டபத்தில் தோரணம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லையில் துணி காயப்போடும் கொடியும் அப்படித்தான். இரு முனையிலும் கட்டி, நடுவில் தன் பாரத்தாலேயே தொங்கும் எதுவும் ஒரே வகை வளைவைத்தான் எடுக்கும். அது கிட்டத்தட்டப் பரவளையம் என்று கலிலியோ கருதினார். உண்மையில் அது வேறு என்பதை 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே காட்டினார்கள். தொங்கும் சங்கிலியின் வடிவம் என்பதால் கணிதத்தில் அதற்குச் சங்கிலியம் என்று பெயர்.

இதில் நமக்கு என்ன பயன்? கம்பி முழுவதும் கணினிக்குத் தெரிய வேண்டியதில்லை. கோபுரத்தில் அது மாட்டப்பட்டிருக்கும் இரு முனைகளும், நடுவில் நம்பகமான சில புள்ளிகளும் கிடைத்தால் போதும். அவற்றின் வழியே செல்லக்கூடிய சங்கிலியத்தைக் கணக்கிட்டு முழுக் கம்பியையும் வரைந்துவிடலாம். படங்களில் மெல்லிய கோடுகளை மட்டும் தனியே தேடிப் பிடித்து, அவற்றுக்குப் பொருத்தமான வளைவை அமைக்கும் வசதி மெட்டாஷேப் போன்ற மென்பொருள்களில் இப்போது வந்துவிட்டது.

இதற்குப் போட்டியாக லைடார் இருக்கிறது. அது படமெடுப்பதில்லை, லேசர் ஒளியை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை வீசி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. கம்பியைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரக் கருவி. இலை இடுக்குகளின் வழியே புகுந்து தரையையும் தொட்டுவிடும். ஆனால் விலை அதிகம். படமெடுக்கும் டிரோன் மலிவு. அதோடு துரு, வெடித்த பீங்கான், கழன்ற ஆணி ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கப் படம்தான் வேண்டும். அதனால் பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

அழகான கோடு, தவறான கோடு

இங்கேதான் கவனம் தேவை. தவறான புள்ளிகளைக் கொடுத்தாலும் கணினி அதே அழகோடுதான் வளைவை வரையும். பக்கத்துக் கம்பியின் புள்ளி ஒன்று தவறி உள்ளே வந்திருக்கலாம். காற்றில் ஆடிய கம்பியின் புள்ளியாக இருக்கலாம். திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே பொறுப்பாக வேலை செய்பவர்கள் சில இடங்களிலாவது தரையில் நின்று, நில அளவைக் கருவியால் கம்பியின் உயரத்தை அளந்து மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அதைவிட முக்கியமானது நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை, காற்றில்லாத, இதமான வேளையில் டிரோன் பறக்கிறது. படம் எடுக்க அருமையான நேரம். தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அலுவலகக் குளிர்சாதனங்கள் ஓடாது, கம்பியில் சுமை குறைவு, அது குளிர்ந்து, இழுபட்டு, உயரத்தில் நிற்கும். மாதிரியில் அளந்தால் மரத்துக்கு மேல் தாராளமாக இடம் இருக்கும். அந்த மாதிரி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது ஞாயிறு காலையின் உண்மை. கேள்வியோ, அனல் பறக்கும் ஒரு வேலைநாள் பிற்பகலைப் பற்றியது. நாம் மேலே பார்த்த மூன்று முழம் அப்போதுதான் இறங்கியிருக்கும்.

எனவே படமெடுத்த நேரத்தில் காற்றின் வெப்பம் என்ன, காற்று எவ்வளவு வேகம், கம்பியில் அப்போது எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். அவற்றைக் கொண்டு கம்பியின் சூட்டைக் கணித்து, அந்தக் கம்பி அதிகபட்சச் சூட்டை எட்டும்போது எங்கே தொங்கும் என்று மாதிரியில் மறுபடியும் வரைய வேண்டும். மரத்தோடு ஒப்பிட வேண்டியது அந்த இரண்டாவது கோட்டைத்தான்.

காகிதத்தில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2010 அக்டோபரில் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகம், அங்குள்ள மின்நிறுவனங்கள் தங்கள் கம்பிகளின் உண்மையான உயரத்தைக் களத்தில் சரிபார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. கோபுரம் கட்டிய காலத்தில் இல்லாத மண்மேடு பின்னர் வந்திருக்கலாம். கம்பி பல ஆண்டு இழுவிசையில் நிரந்தரமாக நீண்டிருக்கலாம். கீழே புதிய சாலை உயர்ந்திருக்கலாம். பழைய வரைபடத்துக்கு இவை எதுவும் தெரியாது.

தேய்ந்துபோன ஒரு கொக்கி

தூரத்தை அளப்பது பாதி வேலை. பொருள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மறுபாதி.

2018 நவம்பர் 8 அன்று காலை, கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியில் ஒரு பழைய மின்கோபுரத்தில் கம்பியைத் தாங்கியிருந்த இரும்புக் கொக்கி ஒன்று அறுந்தது. அந்த மின்தடம் கிட்டத்தட்ட நூறு ஆண்டு பழையது. கொக்கி ஆண்டாண்டாக ஆடி ஆடி, உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருந்தது. விழுந்த கம்பியிலிருந்து பறந்த பொறி, காய்ந்த புல்லில் பட்டது. பாரடைஸ் என்ற ஊர் அழிந்தது. 85 பேர் மாண்டார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அந்தத் தடத்தை நடத்திவந்த பிஜி&இ நிறுவனம், கவனக்குறைவால் 84 பேரின் மரணத்துக்குக் காரணமானதாக 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அந்தக் கொக்கி இருந்த கோபுரத்தைப் பல ஆண்டுகளாக எவரும் ஏறி விரிவாகப் பரிசோதிக்கவில்லை. தரையிலிருந்தும் வானிலிருந்தும் பார்த்த பார்வைகளுக்கு அந்தத் தேய்மானம் தெரியவில்லை. டிரோன் நெருங்கிப் போய்ப் பல கோணங்களில் எடுக்கும் படங்கள் இப்படிப்பட்ட இடத்தில் பெரிய உதவி. முப்பரிமாண மாதிரி இருந்தால், ஒவ்வொரு நெருக்கப் படத்தையும் கோபுரத்தின் எந்தக் கை, எந்தக் கொக்கி என்று சரியான இடத்தில் மாட்டி வைக்கலாம். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தை அதே இடத்தில் வைத்து, தேய்மானம் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

அதனால் கோபுரம் ஏறும் மனிதருக்கு இனி வேலை இல்லை என்று ஆகிவிடாது. உள்ளே அரித்துப்போன இணைப்பைப் படம் காட்டாது. ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்பதைக் கைதான் அறியும். ஆனால் எந்தக் கோபுரத்தில், எந்த இடத்துக்கு, எதைச் சரிசெய்ய ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறுவதற்கும் குத்துமதிப்பாக ஏறுவதற்கும் ஓர் உயிரின் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 132, 275, 500 கிலோவோல்ட் தடங்கள் தீபகற்பத்தின் நீள அகலம் எங்கும் ஓடுகின்றன. அவற்றுக்குக் கீழே வெட்டித் துப்புரவாக வைத்திருக்கும் பாதையை ரெந்திஸ் என்று சொல்வது தோட்டப்புறங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். ரெந்திஸை ஒட்டிச் சில ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மாதிரியில் கம்பி அரை மீட்டர் தாழ்வாக வந்துவிட்டால், வெட்ட வேண்டாத மரம் வெட்டப்படும். அரை மீட்டர் உயர்ந்து வந்துவிட்டால், வெட்ட வேண்டிய மரம் நின்றுவிடும். முதல் பிழை அவர்கள் வருமானத்தைத் தொடும். இரண்டாவது அவர்கள் உயிரையே தொடக்கூடும். திரையில் தெரியும் வண்ணப்படம் இவ்வளவு தூரம் போகிறது.

அதனால் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். ரெந்திஸ் வெட்டவெளியாக இருப்பதால் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போலத் தோன்றும். அங்கே பட்டம் விட வேண்டாம். கம்பிக்குக் கீழே உள்ள குட்டையில் நீண்ட தூண்டிலைத் தூக்கி வீச வேண்டாம். இன்றைய தூண்டில்கள் பலவும் கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். கிளை கம்பியை நெருங்கியிருந்தால் நீங்களே அரிவாளும் ஏணியுமாகப் போகாதீர்கள், மின்நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

டிரோன் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு நினைவூட்டல். மலேசியாவில் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வான்வழிப் படமெடுப்புக்கு ஜூப்பெம் அனுமதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. உயர் மின்கம்பிகளுக்கு அருகே டிரோனின் திசைகாட்டி குழம்பிப் போகலாம். "படம் எடுத்துப் பார்ப்போமே" என்று அங்கே போய் நிற்பது வேண்டாத வேலை.

ஆனால் இதைத் தொழிலாகக் கற்க நினைத்தால் அது நல்ல யோசனை. சைபர்ஜெயாவில் தலைமையிடம் கொண்டு 2014இல் தொடங்கிய ஏரோடைன் நிறுவனம், டிரோன் வழி உள்கட்டமைப்புகளை ஆராயும் பணியைப் பல நாடுகளில் செய்துவருகிறது. இந்தத் துறையில் பறக்கவிடக் கற்பது சில வாரத்தில் முடிந்துவிடும். நில அளவை, படக் கணிதம், மின்கம்பியின் இயல்பு, கோபுரத்தின் உறுப்புகள் ஆகியவற்றைக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும், சம்பளமும் அதற்குத்தான். கையில் டிரோன் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஓபன்டிரோன்மேப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கைப்பேசியில் வீட்டு வாசல் மாமரத்தைச் சுற்றி ஐம்பது படம் எடுத்து, அதிலிருந்து ஒரு மாதிரியைக் கட்டிப் பாருங்கள். மரத்தோடு கட்டியிருக்கும் துணிக்கொடி அதில் வருகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் வராது. ஏன் வரவில்லை என்று உங்களால் விளக்க முடிந்தால், பாடத்தின் பாதியை முடித்துவிட்டீர்கள்.

மீதிப் பாதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. டிரோன் தரையிறங்கியதும் அந்த வேளையின் நேரம், வெயில், காற்று, கம்பியில் ஓடிய மின்சாரம் என்று எழுதி வைக்கும் நான்கு வரி. அது இல்லாவிட்டால் எத்தனை கோடிப் புள்ளி இருந்தாலும், கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே அந்த மூன்று முழம் மிச்சம் இருக்குமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.